கோடி ரூபாய் கருவி, கைக்கெட்டாத தூரம்: போடி மாணவருக்கு ஃப்ளோ சைட்டோமீட்டர் கிடைக்குமா?

ஆய்வகக் கருவிகளை வாங்குவது இப்போது முன்பைவிடச் சுலபம். 2025 ஜூனில் மத்திய அரசு, தன் அறிவியல் துறைகளின் கீழ் வரும் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கான கொள்முதல் விதிகளைத் தளர்த்தியது. டெண்டர் இல்லாமல் நேரடியாக வாங்கும் வரம்பு 1 லட்சம் ரூபாயில் இருந்து 2 லட்சம் ஆனது. 200 கோடி ரூபாய் வரையிலான உலகளாவிய டெண்டர்களுக்கு இயக்குநர்களும் துணைவேந்தர்களுமே ஒப்புதல் தரலாம் என்றும் சொல்லப்பட்டது. ஆராய்ச்சியாளர்கள் பல வருஷமாகக் கேட்டு வந்த விஷயம் இது.

சரி, கருவி வந்துவிட்டது. அதை யார் இயக்குவது? ரிப்பேர் ஆனால் யார் பணம் கட்டுவது? வாங்கிய பல்கலைக்கழகத்துக்கு வெளியே, ஒரு சின்ன ஊர்க் கல்லூரியில் படிக்கிற மாணவருக்கு அது கிடைக்குமா? இந்தக் கேள்விகளுக்கு இன்னும் சுலபமான பதில் இல்லை.

தேனி மாவட்டத்தில் அறிவியல் என்றாலே பொட்டிப்புரம் நியூட்ரினோ ஆய்வகம்தான் நினைவுக்கு வரும். 2015 ஜனவரியில் சுமார் 1,500 கோடி ரூபாய் மதிப்பில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம் அது. போடி மேற்கு மலையில் அதை அனுமதிக்கக் கூடாது என்று 2022இல் உச்ச நீதிமன்றத்தில் தமிழக அரசு தெரிவித்தது. அந்த விவாதம் ஊருக்கே தெரியும். ஆனால் இதே மாவட்டத்து உயிரியல் மாணவர்களுக்கு அன்றாடம் தேவைப்படும் கருவிகள் எங்கே கிடைக்கும் என்பது பற்றிப் பேச்சே இல்லை. அப்படிப்பட்ட ஒரு கருவிதான் ஃப்ளோ சைட்டோமீட்டர்.

ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ன செய்யும்?

எளிமையாகச் சொன்னால், செல்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் ஓடவிட்டு, ஒவ்வொன்றையும் லேசர் ஒளியில் பரிசோதிக்கும் கருவி. சுங்கச்சாவடியில் வண்டிகள் ஒவ்வொன்றாக கேமராவைக் கடப்பது போலத்தான். வேகம் மட்டும் வேறு. ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான செல்கள் கடந்துவிடும்.

லேசர் பட்டதும் செல் ஒளியைச் சிதறடிக்கும். நேர்க்கோட்டில் சிதறும் ஒளி செல்லின் அளவைக் காட்டும். பக்கவாட்டில் சிதறும் ஒளி, உள்ளே எவ்வளவு துகள்கள் இருக்கின்றன என்பதைச் சொல்லும். இதோடு, குறிப்பிட்ட புரதத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் சாயங்களைச் சேர்த்தால், எந்தச் செல் எந்த வகை என்று பிரித்துச் சொல்லிவிடலாம். இதில் ஒரு படி மேலே போன கருவி 'சார்ட்டர்'. இது செல்களை எண்ணுவதோடு நிற்காது. சின்னஞ்சிறு திரவத் துளிகளுக்கு மின்னூட்டம் கொடுத்து, வேண்டிய செல்லை மட்டும் தனிக் குழாயில் விழவைக்கும்.

பெயர் புதுசாக இருக்கலாம், பயன்பாடு பழசு. எச்ஐவி தொற்றுள்ளவர்களுக்கு எடுக்கும் 'சிடி4 கவுன்ட்' பரிசோதனைக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்தத் தொழில்நுட்பம்தான். 2004 ஏப்ரலில் அரசு இலவச ஏஆர்டி சிகிச்சையைத் தொடங்கிய பிறகு, மருந்தை எப்போது ஆரம்பிக்கலாம் என்று முடிவு செய்ய பல ஆண்டுகள் இந்த எண்ணிக்கையைத்தான் நம்பினார்கள். ரத்தப் புற்றுநோயில் எந்த வகை என்று கண்டறியவும் இதுதான் அடிப்படை.

ஏலக்காய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. 1983இல் வெளியான ஓர் எளிய முறை, தாவர ஆராய்ச்சிக்கும் இந்தக் கருவியைத் திறந்துவிட்டது. இளம் இலைத் துண்டு ஒன்றை ஒரு கரைசலில் வைத்து, புது பிளேடால் பொடிப்பொடியாக நறுக்க வேண்டும். செல்லின் உட்கருக்கள் வெளியே வரும். வடிகட்டிச் சாயம் ஏற்றி கருவியில் ஓடவிட்டால், அந்தச் செடியில் டிஎன்ஏ எவ்வளவு இருக்கிறது, குரோமோசோம் தொகுதி இரட்டையா அல்லது அதற்கு மேலா என்று சில நிமிஷங்களில் தெரிந்துவிடும்.

ஏலக்காய்ச் செடிக்குப் பொதுவாக 48 குரோமோசோம்கள். திசு வளர்ப்பில் உருவாக்கிய கன்றுகள் தாய்ச்செடி போலவே இருக்கின்றனவா, இனப்பெருக்கச் சோதனையில் குரோமோசோம் தொகுதி இரட்டிப்பானதா என்பதை மைக்ராஸ்கோப்பில் எண்ணிப் பார்க்க நாள்கணக்கில் ஆகும். ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஒரே நாளில் பல டஜன் கன்றுகளை முடித்துவிடலாம். கன்று நட்டால் பலன் வரத் தொடங்க இரண்டு மூன்று வருஷம் காத்திருக்கணும். தவறான கன்றை முதலிலேயே கழித்துக்கட்டுவது விவசாயிக்கு எவ்வளவு பெரிய மிச்சம் என்று மலையில் தோட்டம் வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் கவனிக்கணும். இது எல்லா நோய்க்குமான மருந்து இல்லை. ஏலக்காயில் பூச்சிமருந்து எச்சத்தைக் கண்டுபிடிக்க வேறு வகைக் கருவி வேண்டும். வைரஸ் நோய்க்குப் பெரும்பாலும் பிசிஆர் பரிசோதனை வேண்டும். அவையும் விலை உயர்ந்தவைதான், அவற்றிலும் இதே பகிர்வுப் பிரச்சினைதான்.

ஒவ்வொரு கல்லூரியும் ஒன்று வாங்கினால் என்ன?

கட்டுப்படியாகாது. சாதாரணப் பகுப்பாய்வுக் கருவியே சில பத்து லட்சங்களில் தொடங்கும். சார்ட்டர் என்றால் கோடிக்கணக்கில் போகும். 2022 ஜூலை 18 முதல், அரசு நிதி பெறும் ஆராய்ச்சி நிறுவனங்கள் வாங்கும் கருவிகளுக்கு இருந்த 5 சதவீத ஜிஎஸ்டி சலுகையும் போய்விட்டது. அதனால் பெரும்பாலான கருவிகளுக்கு 18 சதவீதம் கட்ட வேண்டிய நிலை.

விலையை விடுங்கள், வருஷச் செலவைப் பார்ப்போம். ஓர் உதாரணக் கணக்கு: கருவியின் விலை 50 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பராமரிப்பு ஒப்பந்தம் விலையில் 8 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 4 லட்சம். இயக்குபவருக்கு மாதம் 30,000 ரூபாய் சம்பளம் என்றால் 3.6 லட்சம். திரவங்கள், சோதனை மணிகள், மின்சாரம், ஏசி எல்லாம் சேர்த்து 2.4 லட்சம். மொத்தம் 10 லட்சம்.

கருவி வருஷத்துக்கு 200 மணி நேரம் மட்டும் ஓடினால், ஒரு மணி நேரத்தின் செலவு 5,000 ரூபாய். அதே கருவி 1,000 மணி நேரம் ஓடினால் 1,000 ரூபாய். கருவி அதேதான், சம்பளம் அதேதான். எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பது மட்டும்தான் மாறியிருக்கிறது.

போடிக்காரர்களுக்கு இந்தக் கணக்கு புரியாத ஒன்றல்ல. ஏலத்தோட்டம் வைத்திருக்கும் சிறு விவசாயிகள் எல்லோரும் சொந்தமாக உலர்த்தும் ஸ்டோர் கட்டுவதில்லை. பக்கத்தில் இருக்கும் ஸ்டோரில் பச்சைக்காயைக் கொடுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி கட்டி உலர்த்தி வாங்கிக்கொள்கிறார்கள். விற்பனையும் அப்படித்தான். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்-ஏலம் போடியிலும் புத்தடியிலும் நடக்கிறது, எல்லோர் சரக்கும் அங்கே வருகிறது. ஸ்டோர் ஓடுவதற்கு அடுப்பு மட்டும் போதாது. சூட்டைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் வேணும், யார் காய் எப்போது என்ற வரிசை வேணும், கூலி நியாயமாக இருக்கணும். பொதுக் கருவி மையத்துக்கும் இவைதான் அடிப்படை.

பொதுக் கருவி மையத்தை நடத்துவது என்றால்?

வெளியிலிருந்து பார்த்தால் ஓர் அறை, ஒரு கருவி, ஒரு கம்ப்யூட்டர். உள்ளே நடப்பது வேறு.

காலையில் கருவியை ஆன் செய்ததும் லேசர் நிலைபெற அரை மணி நேரமாவது ஆகும். பிறகு, ஒளிரும் அளவு ஏற்கெனவே தெரிந்த நுண்மணிகளை ஓடவிட்டு, நேற்றுக் காட்டிய எண்ணையே இன்றும் காட்டுகிறதா என்று சரிபார்க்க வேண்டும். இது தவறினால், ஒரு மாணவர் திங்கள்கிழமை எடுத்த அளவையும் வெள்ளிக்கிழமை எடுத்த அளவையும் ஒப்பிடவே முடியாது. ஆறு மாத உழைப்பு வீணாகிவிடும், வீணானது அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

அடுத்தது அடைப்பு. செல்கள் போகும் பாதை மிக மிகக் குறுகலானது. சார்ட்டரின் முனை வழக்கமாக 70 முதல் 100 மைக்ரான், கிட்டத்தட்ட ஒரு தலைமுடியின் தடிமன். ஒருவர் வடிகட்டாத, கட்டிகட்டியான மாதிரியைக் கொண்டுவந்தால் கருவி அடைத்துக்கொள்ளும். அவருடைய நேரம் மட்டும் போகாது. அவருக்குப் பின்னால் ஐஸ் பெட்டியோடு காத்திருக்கும் மூன்று பேரின் செல்களும் செத்துப்போகும். அதனால்தான் பயிற்சி முடிக்காதவரைக் கருவியில் கைவைக்க நல்ல மையங்கள் விடுவதில்லை. சார்ட்டரைப் பெரும்பாலும் பணியாளரே இயக்குவார்.

பாதுகாப்பும் இருக்கிறது. சார்ட்டர் துளிகளாகத் தெளிப்பதால், தொற்றுள்ள மாதிரி என்றால் அறைக் காற்றில் கலக்கும் அபாயம் உண்டு. மாதிரியில் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்கச் சொல்வது வெறும் ஃபார்மாலிட்டி அல்ல.

இதையெல்லாம் தாண்டி, முன்பதிவு, ரத்துக்கு அபராதம், கட்டண ரசீது, டேட்டா பேக்கப், புதியவர்களுக்குச் சோதனையை வடிவமைத்துக் கொடுப்பது, 'உங்க கன்ட்ரோல் சரியில்லை, திரும்ப செய்யுங்க' என்று பேராசிரியரிடமே சொல்வது என எல்லாம் அந்த ஒரே பணியாளர் தலையில்தான். சர்வதேச சைட்டோமெட்ரி அமைப்பான ஐசாக், இப்படிப்பட்ட பகிர்வு ஆய்வகங்களை நடத்துவதையே தனித் தொழில்திறனாகக் கருதி வழிகாட்டுதல்கள் வெளியிட்டிருக்கிறது. இந்தியாவில் பல இடங்களில் அந்த வேலை இன்னும் ஒப்பந்தப் பணிதான். ப்ராஜெக்ட் முடிந்ததும் பணியாளர் போய்விடுவார், அவர் கற்றதும் அவரோடு போய்விடும். அடுத்த மாதம் கருவி மேல் துணி போர்த்தப்பட்டிருக்கும்.

அரசு எதுவும் செய்யவில்லையா?

செய்திருக்கிறது, பல காலமாகவே. பகிர்ந்துகொள்ளும் கருவி மையங்களை மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 1970களிலேயே தொடங்கிவிட்டது. இன்று 'சைஃப்' என்று அழைக்கப்படும் அந்த மையங்களில் ஒன்று சென்னை ஐஐடியில் இருக்கிறது.

2020 ஜனவரியில் பெங்களூரு அறிவியல் மாநாட்டில் பிரதமர் 'ஐ-ஸ்டெம்' இணையதளத்தைத் தொடங்கிவைத்தார். நாடு முழுக்க அரசு நிதியில் வாங்கிய கருவிகள் எங்கெங்கே இருக்கின்றன என்று அதில் தேடலாம், ஆன்லைனிலேயே நேரம் முன்பதிவு செய்யலாம். 2022இல் வந்த 'ஸ்ரீமான்' வழிகாட்டுதல்கள், விலை உயர்ந்த கருவிகளை வெளி ஆராய்ச்சியாளர்களுக்கும் திறந்துவிட வேண்டும், பராமரிப்புக்குத் திட்டமிட வேண்டும் என்கின்றன. உயிரித் தொழில்நுட்பத் துறையின் 'சகஜ்' திட்டமும் இதே நோக்கம் கொண்டது.

நன்றாக ஓடும் மையங்களும் உண்டு. பெங்களூருவில் இந்திய அறிவியல் கழகத்திலும், என்சிபிஎஸ் ஆய்வு மையத்திலும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கென்றே தனி வசதிகள், தனிப் பணியாளர்கள் இருக்கிறார்கள். என்சிபிஎஸ் வளாகத்திலேயே 2009இல் உருவான சி-கேம்ப், கருவிச் சேவையை வெளியாட்களுக்கும் தருவதற்காகவே ஏற்படுத்தப்பட்டது. ஆக, இந்தியாவில் இது நடக்காத காரியம் இல்லை.

அப்புறம் எங்கே சிக்கல்?

முதல் சிக்கல், தூரம். போடியில் இருந்து மதுரைக்குச் சுமார் 90 கிலோமீட்டர். 2010இல் அகலப்பாதைப் பணிக்காக நின்றுபோன ரயில், 2023 ஜூன் 15 முதல்தான் மறுபடியும் போடி வரை வருகிறது. பெங்களூருவோ ஓர் இரவுப் பயணம். உயிருள்ள செல் ஏலக்காய் மாதிரிதான். பறித்த பச்சைக்காயைச் சீக்கிரம் ஸ்டோரில் ஏற்றாவிட்டால் நிறம் போய்விடும். செல்லுக்குச் சாவகாசம் இன்னும் குறைவு. ஒரு மருந்து புற்றுநோய்ச் செல்லைக் கொல்கிறதா என்று பார்க்கும் சோதனையில், செல் மருந்தால் செத்ததா பஸ்ஸில் செத்ததா என்று தெரியாமல் போனால் சோதனைக்கே அர்த்தமில்லை.

இரண்டாவது, வரிசை. காகிதத்தில் எல்லோருக்கும் திறந்த கருவி, நடைமுறையில் முதலில் உள்ளூர் ஆய்வகங்களுக்கு, மிச்ச நேரம் வெளியாட்களுக்கு என்று ஆகிவிடுவது சகஜம். வெளியாட்களுக்குக் கட்டணமும் பொதுவாகக் கூடுதல். தங்கும் செலவு, பயணச் செலவு தனி. உதவித்தொகை இல்லாமல் ஆராய்ச்சி செய்யும் மாணவருக்கு இரண்டு நாள் வேலையே கைமீறிவிடும்.

மூன்றாவது, யாருக்காகத் திட்டம் என்பது. அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் 'பேர்' திட்டம், முன்னணி நிறுவனத்தை நடுவில் வைத்து மற்றவற்றை அதோடு இணைக்கிறது. நல்ல யோசனை. ஆனால் முதல் கட்டத்தில் கவனம் பல்கலைக்கழகங்கள், சில என்ஐடிகள் போன்றவற்றின் மீதுதான். போடி ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரி போல மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளின் மாணவர்கள் இதற்கும் அடுத்த படியில் நிற்கிறார்கள். பெரும்பாலான பட்டதாரிகள் உருவாவது இப்படிப்பட்ட இணைப்புக் கல்லூரிகளில்தான்.

நான்காவது, அளவுகோல். எத்தனை கருவி வாங்கினோம் என்று அறிக்கையில் போடுகிறோம். எத்தனை மணி நேரம் ஓடியது, அதில் எத்தனை மணி வெளிக் கல்லூரிகளுக்கு, எத்தனை நாள் ரிப்பேரில் கிடந்தது என்று போடுவது அபூர்வம்.

இன்றைக்கே போடியில் இருந்து என்ன செய்யலாம்?

எல்லா மாதிரியும் உடனே செத்துவிடாது என்பதுதான் நல்ல செய்தி. எது பயணம் தாங்கும், எது தாங்காது என்று தெரிந்து திட்டமிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

• இலை: ஏலக்காயின் இளம் இலையை ஈரக் காகிதத்தில் சுற்றி, குளிர்ச்சியாக வைத்தால் ஓரிரு நாள் தாங்கும். குரோமோசோம் தொகுதிச் சோதனைக்கு மலையில் இருந்து தாராளமாகக் கொண்டுபோகலாம்.

• ரத்தம்: வகை பிரித்து எண்ணுவதற்கான ரத்த மாதிரி, சரியான குழாயில் எடுத்தால் பொதுவாக ஒரு நாள் வரை சமாளிக்கும். சிடி4 மாதிரிகள் மாவட்டங்களில் இருந்து இப்படித்தான் பயணம் செய்கின்றன.

• பதப்படுத்திய செல்: சாயம் ஏற்றி, ஃபார்மால்டிஹைடில் பதப்படுத்தி, வெளிச்சம் படாமல் குளிரில் வைத்தால், பல சோதனைகளுக்கு மறுநாள் கூட ஓடவிடலாம். தாங்குமா என்று முதலில் ஒரு சின்ன மாதிரியில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

• உயிரோடு பிரித்தெடுக்க வேண்டிய செல்: இது பயணம் தாங்காது. செல் வளர்ப்பையே மையம் இருக்கும் ஊரில் செய்ய ஏற்பாடு பண்ணணும், இல்லையென்றால் கேள்வியையே மாற்றணும்.

கிளம்புவதற்கு முன் மையத்தின் பணியாளரிடம் பத்து நிமிஷம் போனில் பேசுவது கட்டாயம். கருவியில் எந்தெந்த லேசர் இருக்கிறது, எந்தச் சாயம் பொருந்தும், எத்தனை கன்ட்ரோல் வேண்டும் என்பது தெரியாமல் போய் இறங்கினால், வந்த வேகத்தில் திரும்ப வேண்டியதுதான்.

எது மாறணும்?

மாவட்டத்துக்கு ஒரு ஃப்ளோ சைட்டோமீட்டர் என்று கேட்பது கவர்ச்சியாக இருக்கும். ஆனால் மேலே பார்த்த கணக்குப்படி, வருஷத்துக்கு 200 மணி நேரம் ஓடும் கருவி யாருக்கும் உபயோகமில்லை. அடுத்த கருவியை வாங்குவதற்கு முன், இருக்கும் கருவிகளை நிஜமாகவே பொதுவாக்குவது செலவு குறைந்த வழி.

அதற்குப் பெரிய தொகை தேவையில்லை. கருவிக்கு நிதி தரும்போதே பத்து வருஷப் பராமரிப்பையும் ஒரு நிரந்தரப் பணியாளரையும் சேர்த்தே கணக்கிடலாம். வாரத்தில் ஒரு நாளை வெளிக் கல்லூரிகளுக்கு என்றே ஒதுக்கலாம். மாணவர் கட்டும் கட்டணத்தை மட்டுமல்ல, அவருடைய பஸ், தங்கும் செலவையும் திட்டத்தில் சேர்க்கலாம். தேனி, பெரியகுளம், போடி பக்கம் இருக்கும் கல்லூரிகள் சேர்ந்து, மாதிரிகளைத் தயார் செய்து பதப்படுத்தும் ஒரு சின்ன பொது ஆய்வகம் வைத்துக்கொண்டால், 90 கிலோமீட்டர் பெரிய தடையாக இருக்காது. கடைசியாக, ஐ-ஸ்டெம் தளத்தில் ஒவ்வொரு கருவியின் பக்கத்திலும், கடந்த வருஷம் அது எத்தனை மணி நேரம் வெளியாட்களுக்காக ஓடியது என்ற ஒரே ஓர் எண்ணை வெளியிடச் சொல்லலாம்.

பொதுப் பணத்தில் வாங்கிய கருவி நிஜமாகவே பொதுவில் இருக்கிறதா என்பதை அந்த ஓர் எண்ணே சொல்லிவிடும்.